மணலிலும் கணினியிலும் ஒரே பிளவு: உந்துப் பிளவையும் மடிப்பையும் துகள்முறையில் உருவாக்கிய அனுபவப் பதிவு

கண்ணாடிப் பெட்டிக்குள் படுகை படுகையாகப் பரப்பிய மணலை ஒரு பலகையால் தள்ளும்போது உண்டாகும் பிளவும், அதே அளவில் கணினிக்குள் பரப்பிய வட்டத் துகள்களைத் தள்ளும்போது உண்டாகும் பிளவும், இப்போது அருகருகே வைத்துப் பார்க்கத்தக்க அளவுக்கு ஒத்து வருகின்றன. இது உந்துப் பிளவு, அதாவது நெருக்கத்தில் ஒரு பக்கம் மறுபக்கத்தின்மேல் ஏறும் பிளவு. பெட்டியில் முதல் பிளவு கிடைமட்டத்தோடு காட்டிய சாய்வு 28 பாகை. கணினியில் 29 பாகை. பலகையிலிருந்து பிளவு மேற்பரப்பை எட்டும் தொலைவு பெட்டியில் 5.6 செ.மீ., கணினியில் 5.4 செ.மீ. இந்தப் பொருத்தம் கிடைக்கும் வரை எதையும் எழுதுவதில்லை என்றிருந்தேன். கிடைத்த வழியை, நடுவே திரும்பி வர நேர்ந்த பாதைகளோடு சேர்த்து, அதே வரிசையில் இங்கே எழுதி வைக்கிறேன்.

காரைக்குடியில் கட்டடப் பொறியியல் மாணவர்களுக்கு மண்ணியல் ஆய்வகம் நடத்துவது என் வேலை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் கண்ணுக்குத் தெரியும் பாறை என்றால் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் ஆகிய இடங்களின் பழமையான கடினப் பாறைதான். மற்ற இடமெல்லாம் செம்மண்ணும் செம்புராங்கல்லும். பாறை அடுக்குகள் வளைந்தும் முறிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடக்கும் ஒரு வெட்டுமுகத்தை மாணவர்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்ட இங்கே இடமில்லை. பாடநூலில் இருப்பது முடிந்துபோன நிலையின் படம். பிளவு எப்போது தொடங்கியது, அடியிலிருந்து மேலே வந்ததா மேலிருந்து கீழே போனதா, முதல் பிளவு ஓய்ந்த பிறகு அடுத்தது ஏன் முன்னால் தோன்றியது என்ற கேள்விகளுக்கு அந்தப் படத்தில் விடையில்லை. பிளவு வளர்வதை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த வேலையில் இறங்கினேன்.

இப்படித் தள்ளிப் பார்ப்பது புதிய யோசனை அன்று. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹால் துணி அடுக்குகளைப் பக்கவாட்டில் நெருக்கி மடிப்பு உண்டாக்கிக் காட்டிய சோதனை 1815இல் அச்சேறியது. 1937இல் கிங் ஹப்பர்ட் இவ்வகை மாதிரிகளுக்கான அளவுப் பொருத்தத்தைக் கணக்காக்கித் தந்தார். உலர்ந்த மணலில் 1 செ.மீ. என்பது நிலத்தில் சுமார் 1 கி.மீ. என்று கொள்ளும் வழக்கம் அத்தகைய கணக்கிலிருந்து வருவது. ஆகவே 3 செ.மீ. மணல் எனக்கு 3 கி.மீ. பாறை.

பெட்டியை முதலில் செய்தேன்; ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாமல் கணினியில் வரும் எந்தப் படத்தையும் நம்ப முடியாது. 60 செ.மீ. நீளமும் 20 செ.மீ. உயரமும் கொண்ட 8 மி.மீ. கண்ணாடி இரண்டு, இடையே 15 செ.மீ. அகலம், அடியில் பழைய தேக்குப் பலகை. முதலில் அக்ரிலிக் தகடுதான் வாங்கினேன். அதைத் துடைக்கும்போதெல்லாம் நிலைமின்னேற்றம் உண்டாகி நுண்மணல் ஒட்டிக்கொண்டு அடுக்குகளின் கோடு மங்கியது. அதனால் கண்ணாடிக்கு மாறினேன். தள்ளுபலகையை நகர்த்த எம்-10 மரைத்தண்டு ஒன்றையும், பலகையில் பதித்த நட்டு ஒன்றையும் பயன்படுத்தினேன். அந்தத் தண்டின் மரை இடைவெளி 1.5 மி.மீ. என்பதால், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் பலகை 1.5 மி.மீ. முன்னேறும், 80 சுற்றுக்கு 12 செ.மீ. அளவுகோல் பார்க்கும் வேலையே இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புகைப்படம், கைப்பேசியை முக்காலியில் அசையாமல் பொருத்தி எடுத்தேன்.

மணல் ஆற்று மணல். 600 மைக்ரான் சல்லடையில் விழுந்து 300 மைக்ரானில் தங்கியதை மட்டும் எடுத்து, நீர் தெளியும் வரை கழுவி, வளவில் வெயிலில் பரப்பிக் காய வைத்தேன். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. காற்றின் ஈரம் ஏறிய மணல் பிசுபிசுத்துப் பிளவுக்குப் பதிலாக வாய்பிளந்த வெடிப்பு காட்டும். அந்த மாதங்களில் இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்த பிறகுதான் மணல் வழிக்கு வந்தது. நிறத்துக்கு ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவர்கள் பயன்படுத்தும் சிவப்பு, கறுப்பு ஆக்சைடு தூளை வாங்கினேன். 1 கிலோ மணலுக்கு 10 கிராம் தூள் போதும். அதற்கு மேல் போனால் தூள் மணலோடு மணலை ஒட்டவைத்துவிடுகிறது. ஈரத்தில் கலந்து உலர்த்தி மறுபடியும் 300 மைக்ரானில் சலித்து, ஒட்டாத தூளை வெளியேற்ற வேண்டும்.

மணலைப் பரப்பும் முறையையும் ஆத்தங்குடியில்தான் கற்றுக்கொண்டேன். அங்கே கண்ணாடியின்மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவுவார்கள். தூள் வாங்கப் போன இடத்தில், நான் மணலைக் குவளையால் கொட்டிப் பலகையால் சமப்படுத்துகிறேன் என்று சொன்னபோது, அச்சில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் கையை நிறுத்தாமலே, “கொட்டாதீங்க சார், தூவுங்க. கொட்டினா உள்ள பொக்கு விழுந்துரும்” என்றார். அவர் முழங்கை அசையாமல் மணிக்கட்டை மட்டும் சுழற்ற, விரலிடுக்கிலிருந்து கலவை ஒரே கனத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு நான் சல்லடையை மணல்மட்டத்துக்கு 20 செ.மீ. மேலே பிடித்துத் தட்டித் தட்டித் தூவ ஆரம்பித்தேன். ஒரே பாத்திரத்தில் கொட்டிய மணலையும் தூவிய மணலையும் எடைபோட்டதில், கொட்டியது கன மீட்டருக்கு 1,540 கிலோ, தூவியது 1,690 கிலோ. இந்த 10 விழுக்காடு வேறுபாடுதான் பிளவு கத்தி வைத்துக் கீறியதுபோல் தெளிவாக வருமா, கலங்கலாக வருமா என்பதை முடிவு செய்கிறது. கொட்டிய மணல் தள்ளும்போது முதலில் தன் பொக்கை நிரப்பிக்கொள்வதிலேயே நகர்வைச் செலவழித்துவிடுகிறது.

இனிக் கணினி. துகள்முறை என்பது பீட்டர் கண்டால் (Cundall), ஓட்டோ ஸ்ட்ராக் என்ற இருவர் 1979இல் வெளியிட்ட வழிமுறையிலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு மணியையும் தனித்தனி வட்டமாகக் கொண்டு, தொடும் இரண்டு வட்டங்களுக்கு இடையே ஒரு சுருள்வில்லும் உராய்வும் இருப்பதாக வைத்து, விசையைக் கூட்டி, மிகச் சிறிய காலப்படியில் ஒவ்வொரு துகளையும் நகர்த்திக்கொண்டே போவதுதான் வேலை. பிளவு எங்கே வர வேண்டும் என்று நிரலில் ஒரு வரிகூட எழுதுவதில்லை. துகள்களே அதை முடிவு செய்கின்றன. இந்த முறையின்மேல் எனக்குள்ள ஈடுபாட்டுக்கு அதுவே காரணம். யேட் (YADE), லாம்ஸ் (LAMMPS), லிக்ஸ் (LIGGGHTS) போன்ற இலவசத் திறமூல மென்பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன. ஆனாலும் மாணவர்கள் வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் பைத்தான் நிரல்மொழியில் நானே எழுதினேன்.

பெட்டியின் பக்கத் தோற்றத்தை மட்டும் இரு பரிமாணத்தில் எடுத்துக்கொண்டேன்: 40 செ.மீ. நீளம், 3 செ.மீ. உயரம். உண்மையான மணல்மணி அளவில் துகள்களைப் போட்டால் எண்ணிக்கை லட்சத்தை ஒட்டிப் போகும். என் கணினி அதைத் தாங்காது. ஆகவே ஆரம் 0.4 முதல் 0.7 மி.மீ. வரை என்று பெருக்கிக்கொண்டேன். ஏறத்தாழ 10,300 துகள்கள் அடங்கின. தொடுபுள்ளியின் விறைப்பு மீட்டருக்கு 1,000 நியூட்டன். துகள்கள் ஒன்றுக்குள் ஒன்று அமிழும் ஆழம் ஆரத்தில் 1 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்க இது போதும். இதற்கு மேல் கூட்டினால் காலப்படி சுருங்கி நேரம் நீளும். காலப்படி 5 மைக்ரோ வினாடி. மிகச் சிறிய துகளின் நிறையையும் விறைப்பையும் கொண்டு கணக்கிட்டால் எல்லை 50 மைக்ரோ வினாடியை ஒட்டி வருகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு வைத்துக்கொண்டேன். 15 வரை ஏற்றியபோது படுகையின் அடியில் சில துகள்கள் திடீரென்று வெடித்துப் பறந்தன.

தூய பைத்தானில் ஒரு காலப்படிக்கு 0.15 வினாடி ஆயிற்று. ஒரு முழு ஓட்டத்துக்கு 1.2 கோடி காலப்படி தேவை. அந்த வேகத்தில் 3 வாரம் ஆகும். நிரலை இயந்திரமொழிக்கு மாற்றி வேகமாக்கும் நம்பா என்ற தொகுப்பானைச் சேர்த்து, அண்டைத் துகள்களைத் தேடும் வேலையை 1.4 மி.மீ. கட்டங்களாகப் பிரித்த பிறகு ஒரு காலப்படி 1 மில்லி வினாடிக்கு இறங்கியது. முழு ஓட்டம் மூன்றரை மணி நேரம். அதற்குப் பிறகே இது செய்யக்கூடிய வேலையாயிற்று.

முதல் ஓட்டங்களில் எல்லாத் துகளுக்கும் ஒரே ஆரம் கொடுத்திருந்தேன். படம் மிக அழகாக வந்தது: ஒன்றையொன்று வெட்டும் நேரான பிளவுகள், கண்ணாடிபோல் வழுவழுப்பான தளங்கள். ஆனால் எல்லாப் பிளவுக்கும் சாய்வு 60 பாகை. உராய்வுக் கெழுவை 0.3 என்று வைத்தாலும் 0.8 என்று வைத்தாலும் அதே 60. ஒரே அளவு வட்டங்கள் தேன்கூட்டு ஒழுங்கில் அடுக்கிக்கொள்கின்றன. அந்த ஒழுங்கின் வரிசைகள் கிடைமட்டத்துக்கு 60 பாகையில் ஓடுகின்றன. துகள்கள் அந்த வரிசை வழியே வழுக்குகின்றன. நான் பார்த்தது அடுக்கின் வடிவத்தையே தவிர மணலின் இயல்பை அன்று. இந்த முறையில் புதிதாக இறங்குபவர் ஒவ்வொருவரும் உராய்வை இரண்டு மடங்காக்கி, பிளவின் கோணம் மாறுகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். மாறவில்லை என்றால் அடுக்கை நம்பக் கூடாது.

ஆரங்களைக் கலந்ததும் தேன்கூடு மறைந்தது. அத்தோடு பிளவும் மறைந்தது. துகள்கள் பலகையின் முன் பொதுவாக வீங்கி உயர்ந்தன. தெளிவான தளம் எங்கும் இல்லை. இந்த நிலையில் நெடுநாள் விறைப்பையும், துகள்களின் அதிர்வை அடக்கும் தணிப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழி பெட்டியிலிருந்து வந்தது. கணினியில் துகள்களை மேலிருந்து விழவைத்துப் படுகை அமைக்கும்போது, தள்ளும்போது வைக்கும் அதே உராய்வு 0.5ஐயே வைத்திருந்தேன். விழும் துகள் தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றதால், படுகை முழுக்கப் பொக்கு. கொட்டிய மணலின் அதே குறை. படுகை அமையும் வரை உராய்வைச் சுழியமாக்கி, துகள்கள் வழுக்கி இடம்பிடித்து அடங்கிய பிறகு, இயக்க ஆற்றல் தொடக்க அளவில் லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதை உறுதி செய்துகொண்டு உராய்வை ஏற்றினேன். அடர்த்தி கூடியது, பிளவு திரும்ப வந்தது.

தள்ளும் வேகத்தையும் அப்போது குறைத்தேன். நேரத்தை மிச்சப்படுத்த வினாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த வேகத்தில் மணல் பலகையோடு ஒட்டிக் குவிகிறது. துகள்கள் இடம்மாறி அடங்குவதற்குள் பலகை வந்துவிடுகிறது. வினாடிக்கு 2 மி.மீ. என்று இறக்கியபோது, அதை மேலும் பாதியாக்கினாலும் முடிவு மாறவில்லை. ஆகவே அங்கேயே நிறுத்திக்கொண்டேன். இமயமலையின் குறுக்கே நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மி.மீ. சுருங்குகிறது. அதை நினைத்தால் எந்தக் கணினி வேகமும் அவசரந்தான். துகள்களின் உந்தம் விளைவில் கலக்காத அளவுக்கு மெதுவாகத் தள்ளினால் போதும்.

இப்போது பிளவு வந்தது, ஆனால் 35 பாகையில் வந்தது, பெட்டியில் 28. உந்துப் பிளவின் சாய்வு 45 பாகையிலிருந்து மணலின் உராய்வுக் கோணத்தில் (தளர்ந்த மணல் சரியாமல் நிற்கும் சாய்வை ஒட்டிய கோணம்) பாதியைக் கழித்தால் வரும். அப்படியானால் என் துகள்களின் உராய்வுக் கோணம் சுமார் 20 பாகைதான் என்று ஆகிறது. சோதிப்பதற்கு ஒரு குவியல் சோதனையை எழுதினேன்: துகள்களை ஒரு தொட்டியில் நிரப்பி, ஒரு பக்கச் சுவரை எடுத்துவிட்டு, சரிந்து நிற்கும் சாய்வை அளப்பது. உராய்வுக் கெழு 0.5க்கு 19 பாகை வந்தது. கெழுவை 0.9 வரை ஏற்றியும் 22ஐத் தாண்டவில்லை. புனல் வழியாகக் கொட்டிய ஆற்று மணல் 33 பாகையில் நின்றது. வட்டம் உருளும், வழுக்காமல் தடுத்தால் உருண்டு போய்விடும். ஆற்று மணலின் மணி கோணல்மாணலானது, உருள விடாது. ஆகவே பிடிப்பை எவ்வளவு ஏற்றினாலும் வட்டத் துகள்கள் மணலாகா.

இதற்கு இரண்டு வழிகளைச் செய்து பார்த்தேன். இரண்டிரண்டு துகள்களை ஒட்டி நிலக்கடலை வடிவில் ஆக்கியபோது சாய்வு 27 பாகைக்கு உயர்ந்தது. ஆனால் நிரல் சிக்கலாகி நேரமும் ஏறக்குறைய இரட்டித்தது. மற்றொன்று, ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் உருளலுக்கு எதிரான ஒரு திருப்புவிசையைச் சேர்ப்பது. அதன் உச்சவரம்பு, தொடுவிசையையும் ஆரத்தையும் பெருக்கி அதில் ஒரு பங்கு. அந்தப் பங்கை 0.1, 0.2 என்று ஏற்றி 0.25இல் குவியல் 32 பாகையில் நின்றது. இந்த எண்ணை அப்படியே பிளவு ஓட்டத்துக்கு எடுத்துச் சென்றேன். 29 பாகை. பிளவின் கோணத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணைத் திருத்தாமல், குவியலில் மட்டும் திருத்தி, பிளவு தானாகப் பொருந்தியதால்தான் இந்த முடிவை நம்புகிறேன். தனிச் சோதனை ஒன்றில் எண்களை நிலைநிறுத்திவிட்டு, பிறகு அவற்றைத் தொடாமல் இருப்பது இந்த வேலையில் மிக அவசியமான கட்டுப்பாடு.

இந்தக் கட்டத்தில் மின்தடை ஒன்று வேறொன்றைக் கற்றுத்தந்தது. பலகை ஒவ்வொரு அரை மி.மீ. நகரும்போதும் துகள்களின் இடம், வேகம், சுழற்சி ஆகியவற்றைச் சேமித்துவந்தேன். ஒரு சேமிப்பு அரை மெகாபைட், முழு ஓட்டமும் 120 மெகாபைட் அளவுதான். மின்சாரம் போய் வந்த பிறகு கடைசிச் சேமிப்பிலிருந்து தொடங்கியபோது, நன்றாக நின்றிருந்த சரிவு பொலபொலவென்று இறங்கியது. காரணம், தொடுபுள்ளிகளில் உராய்வு விசை அதுவரை நடந்த பக்கவாட்டு நகர்வின் கூட்டுத்தொகையில் இருக்கிறது; அதை நான் சேமிக்கவில்லை. மறுபடி தொடங்கிய கணத்தில் எல்லா உராய்வும் சுழியம். இப்போது ஒவ்வொரு தொடுபுள்ளிக்கும் எந்த இரண்டு துகள்கள், எவ்வளவு பக்கவாட்டு நகர்வு என்பதையும் சேர்த்தே சேமிக்கிறேன். சேமிப்பு சரியா என்பதை அறிய, நிறுத்தாத ஓட்டத்தையும் நிறுத்தித் தொடங்கிய ஓட்டத்தையும் 1,000 காலப்படிக்குப் பின் ஒப்பிட வேண்டும்.

பொருந்திய ஓட்டத்தில் நடப்பது இதுதான். பலகை 5 மி.மீ. வரை நகரும்போது மேற்பரப்பில் எதுவும் தெரிவதில்லை. பலகைமேல் விசை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 7 மி.மீ. அளவில் விசை உச்சத்தைத் தொட்டு ஆறில் ஒரு பங்கு சட்டென்று குறைகிறது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தித் துகள்களின் சுழற்சியை நிறமிட்டால், பலகையின் அடியிலிருந்து சாய்வாக மேலேறும் பட்டை தெரிகிறது. அகலம் 8 முதல் 10 துகள். மேற்பரப்பில் படி உண்டாவது அதற்குப் பிறகு. கூடவே அடியிலிருந்து பலகைப் பக்கமாக மேலேறும் எதிர்ப்பிளவு ஒன்றும் பிறந்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள துண்டு மேலே தூக்கப்படுகிறது. பெட்டியில் நான்காவது, ஐந்தாவது சுற்றில் இதே நிகழ்கிறது. ஆனால் அங்கே உள்ளிருக்கும் விசையைக் காண வழியில்லை. கணினி எனக்குக் கூடுதலாகத் தந்தது இந்த உள்நோக்குத்தான்.

அடித்தளத்தின் உராய்வை மாற்றிப் பார்த்ததும் பயனுள்ளதாக இருந்தது. பெட்டியின் அடியில் 80ஆம் எண் தேய்தாளை ஒட்டியபோது, பிளவுகள் நெருக்கமாக அடுக்கி எழும்பிய ஆப்பு வடிவ மணற்குவியலின் மேற்சரிவு 11 பாகை. சிவகங்கைப் பக்கம் பெயர்பெற்ற கிராபைட்டைத் தூளாக வாங்கிப் பலகையில் தேய்த்தபோது அதே சரிவு 5 பாகைக்கு இறங்கியது. பிளவுகளும் முன்னால் தள்ளித் தள்ளிப் பிறந்தன. கணினியில் அடியின் கெழு 0.5இலிருந்து 0.25க்கு இறங்கியதும் இதே மாற்றம். 1983இல் டேவிஸ், சுப்பே, டாலன் மூவரும் மலைத்தொடர்களின் முகப்பைப் பனி தள்ளும் வண்டியின் முன் திரளும் ஆப்பாகக் கொண்டு கணக்கிட்டது இந்தச் சரிவைத்தான்.

மடிப்பு அவ்வளவு எளிதில் வரவில்லை. தளர்ந்த மணல் முறியும், ஏறும், வளையாது. அடுக்குகள் வளைய வேண்டுமானால் துகள்களைப் பிணைக்க வேண்டும். 4 மி.மீ. கனமுள்ள பிணைத்த அடுக்கு, அடுத்து 4 மி.மீ. பிணைக்காத அடுக்கு என்று மாற்றி மாற்றி வைத்தேன். பிணைப்பின் வலிமை 0.002 நியூட்டன் என்றபோது பலகை நகர்ந்தவுடன் அடுக்கு சில்லுச்சில்லாக உடைந்தது. 0.02 என்றபோது அடுக்கு ஒரு மரப்பலகையாக மாறி, முழுதாக வழுக்கி, தூரத்துச் சுவரில் முட்டித் தூக்கியது. 0.008இல் வளையத் தொடங்கியது. ஆனாலும் மேலே பாரம் இல்லாததால் பலகையை ஒட்டிய ஓரிடத்தில் மட்டும் கூரைபோல் எழும்பி நின்றது. பிணைக்காத துகள்களை 1 செ.மீ. கனத்துக்கு மேலே பரப்பி, அடுக்குகளின் எல்லையில் உராய்வை 0.1 ஆகக் குறைத்த பிறகுதான் மடிப்பு வரிசையாக வந்தது. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு 4.5 செ.மீ. முகடுகளின் வெளிப்புறத்தில் பிணைப்புகள் அறுந்து சிறு வெடிப்புகள் தோன்றின. உட்புறத்தில் துகள்கள் நெருங்கின. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க விடாமல் மடிப்பை எதிர்பார்ப்பது வீண் என்பது எனக்கு இதில் விளங்கியது.

பிளவையும் மடிப்பையும் ஒரே ஓட்டத்தில் பெற, அடித்தளத்தில் 1 செ.மீ. உயரமுள்ள 25 பாகைச் சாய்தளம் ஒன்றை வைத்தேன். பிணைத்த அடுக்குகள் அதன்மேல் ஏறும்போது, சாய்தளத்துக்கு மேலே ஒரு முகடு எழுந்து, அடுக்குகள் முன்னேற முன்னேற அகன்றது. டேராடூனுக்குத் தெற்கே சிவாலிக் மலையில் உள்ள மோகண்ட் மடிப்பு இவ்வகையில் உந்துப் பிளவின்மேல் எழுந்ததுதான். மாணவர்களுக்கு இந்த ஓட்டத்தையே முதலில் காட்டுகிறேன். மலை எழும்பும் இடமும் பிளவு வெளிப்படும் இடமும் வேறுவேறு என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

நம் ஊருக்கு நெருக்கமான பாடம் இழுவிசையில் இருக்கிறது. செட்டிநாட்டுக்குக் கிழக்கே, கடலோரம் வரை மண்ணுக்குள் மறைந்து கிடப்பது காவிரிப் படுகையின் இராமநாதபுரம் துணைப்படுகை. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது, ஜுராசிக் காலத்தின் இறுதியிலும் கிரிட்டேசியஸ் தொடக்கத்திலும், நிலம் இழுபட்டுத் துண்டு துண்டாக இறங்கி உண்டான பள்ளம் அது. பெட்டியின் அடியில் இரண்டு தகர விளிம்புகளை வைத்து ஒன்றை இழுத்தால், நடுவில் 3.3 செ.மீ. அகலப் பள்ளம் இருபுறமும் 61 பாகைப் பிளவுகளோடு இறங்குகிறது. கணினியில் எந்த எண்ணையும் மாற்றாமல், பலகையைத் தள்ளுவதற்குப் பதில் அடியை இழுத்தபோது 60 பாகை வந்தது. உந்தலுக்காக நிலைநிறுத்திய துகள்கள் இழுவைக்கும் சரியாக நடந்துகொண்டது, எனக்கு 29 பாகையைவிடப் பெரிய நிறைவைத் தந்தது.

செலவு: கண்ணாடிக்கு விளிம்பு தேய்ப்புடன் 620 ரூபாய், மரைத்தண்டு, நட்டு, கைப்பிடிக்கு 240, தச்சர் கூலி 900, இரண்டு சல்லடைகளுக்கு 1,700, ஆக்சைடு, கிராபைட், தேய்தாளுக்கு 350. பயன்படாமல் போன அக்ரிலிக்குக்கு 800. பழைய ஆறு கரு (கோர்) கணினி 18,000, யுபிஎஸ் 3,200. மென்பொருளுக்கு ஒன்றும் இல்லை. பெட்டி மட்டும் போதும் என்பவருக்கு 4,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

மறுபடி தொடங்கினால் குவியல் சோதனையை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதுவேன். அது இரண்டு நிமிடத்தில் ஓடி முடிகிறது, அதில் தேறாத துகளைக் கொண்டு மூன்றரை மணி நேர ஓட்டம் நடத்துவதில் பொருளில்லை. பெட்டியை 15 செ.மீ.க்குப் பதில் 25 செ.மீ. அகலமாக்குவேன். கண்ணாடி ஓரத்தில் மணல் உரசுவதால் மேலிருந்து பார்க்கும்போது பிளவுக்கோடு இரு ஓரங்களிலும் பின்னோக்கி வளைகிறது. நடுவில் நேராக உள்ள பகுதி இப்போது 9 செ.மீ. மட்டுமே. துகள்களின் ஆரத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை நான்கு மடங்காகும், காலப்படியும் சுருங்கும். அதற்கு நிரலை ஆறு கருவிலும் பகிர்ந்தோட வைக்க வேண்டும். அந்த வேலை பாதியில் இருக்கிறது. அது முடிந்ததும் பள்ளம் இறங்க இறங்க மேலே புதிய துகள்களைத் தூவி, காவிரிப் படுகையில் வண்டல் பிளவோடு சேர்ந்தே படிந்ததைப் போல, இறங்கிய பக்கத்தில் அடுக்கு தடித்துப் போகிறதா என்று பார்க்கப் போகிறேன். அந்தத் தூவலுக்கு, முதலில் உராய்வில்லாமல் இறக்கிவிட்டுப் பிறகு ஏற்றும் முறை செல்லாது. அடியில் உள்ள பிளவு அதற்குள் சரிந்துவிடும். புதிதாக விழும் துகளுக்கு மட்டும் உராய்வைத் தனியாக வைத்து, அது நின்ற பிறகு மாற்றும்படி நிரலில் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு கெழு ஒதுக்கியிருக்கிறேன்.